காத்திருப்பு வரிசையில் 214

காரைக்காலிலிருந்து அம்மா போன் செய்யும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "பாப்பாவுக்குக் கட்-ஆஃப் எவ்வளவு வரும்?"

அது 2024 தொடக்கம். என் மகள் பிரெஞ்சு மேல்நிலைப் பள்ளியான லிசேயின் கடைசி வகுப்பான தெர்மினாலில் இருந்தாள். நம் ஊர்க் கணக்கில் பிளஸ் டூ. என் அண்ணன் மகன் சென்னையில் பொறியியல் சேர்ந்ததை மனதில் வைத்துத்தான் அம்மா கேட்டார். கணக்கு 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கு, மொத்தம் 200. அவனுடைய எண் தெரிந்த அன்று மாலையே எந்தக் கல்லூரி கிடைக்கும், எது கிடைக்காது என்று தெருவே பேசியது. அந்த முறையிலும் குறைகள் உண்டு. ஆனாலும் ஒரு பாட்டி உட்கார்ந்த இடத்திலிருந்தே கணக்குப் போட்டுவிட முடிந்தது.

"இங்க அப்படி ஒரு நம்பர் இல்லம்மா" என்றேன்.

"நம்பர் இல்லாம எதை வச்சுச் சேர்ப்பாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கல்யாணமாகி, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவுக்கு வந்து இருபது வருடம் ஆகிவிட்டது. சேன்-ஆந்த்ரேயில் சின்னக் கடை வைத்திருக்கிறோம். அக்கம்பக்கத்தில் பெரும்பாலும் மல்பார் குடும்பங்கள். கரும்புத் தோட்ட வேலைக்கு 19-ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தத்தில் வந்தவர்களின் வாரிசுகள். கோயிலில் தமிழ், வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு. லிசேயில் பெற்றோர் கூட்டம் நடந்தபோது பார்த்தேன், இங்கேயே ஐந்து தலைமுறையாக இருப்பவர்களும் என்னைப் போலவே விழித்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் இருந்தவர் "பார்க்கூர்சூப்" என்று சொல்லும்போதெல்லாம் எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியே வந்ததும், "உனக்குப் புரிந்ததா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

பார்க்கூர்சூப் என்பது பிரான்சில் பள்ளி முடித்துக் கல்லூரி போகிறவர்கள் விண்ணப்பிக்கும் அரசு இணையதளம். 2018-இல் வந்தது. அதற்கு முன் ஆ-பே-பே என்ற தளம் இருந்தது; அதில் மாணவர்கள் தங்கள் விருப்பங்களை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். இடத்தைவிட ஆள் அதிகமான சில பட்டப்படிப்புகளில், முக்கியமாக விளையாட்டு அறிவியலிலும் உளவியலிலும், கடைசியில் சீட்டுக் குலுக்கித்தான் தீர்த்தார்கள். 2017-இல் அது பெரிய கோபத்தைக் கிளப்பியது. நம் ஊர்ப் பொறியியல் கலந்தாய்விலும் எல்லா மதிப்பெண்ணும் சமமாக வந்தால் ரேண்டம் எண்தான் தீர்க்கும். ஆனால் அது சமமாக நிற்கும் சிலருக்கு மட்டும். இங்கே நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையும் அதே குலுக்கலில் விழுந்தது. அதை ஒழிக்க வேண்டும் என்று 2018 மார்ச் 8-ஆம் தேதி சட்டம் வந்தது. பல்கலைக்கழகங்கள் விண்ணப்பங்களைப் படித்து வரிசைப்படுத்தலாம் என்று ஆனது அப்போதுதான்.

எங்கள் வீட்டில் இது புயலோடு தொடங்கியது. 2024 ஜனவரி 15-ஆம் தேதி பெலால் புயல் தீவைத் தாக்கியது. கரண்ட் இல்லை, கடையில் குளிர்ப்பெட்டிச் சரக்கு எல்லாம் கெட்டுப்போனது. இரண்டு நாள் கழித்து, 17-ஆம் தேதி, தளம் திறந்தது. தேதிகள் எல்லாம் பாரிசில் நிர்ணயிப்பவை. அங்கே குளிர்காலம், பள்ளி நடக்கும்; ஆசிரியரைக் கேட்கலாம். இங்கே ஜனவரி கோடை விடுமுறை. கேட்க ஆள் கிடையாது. மார்ச் 14-க்குள் விருப்பங்களைப் பதிய வேண்டும், ஏப்ரல் 3-க்குள் எல்லாவற்றையும் உறுதி செய்ய வேண்டும். 10 விருப்பம் வரை போடலாம், இப்போது வரிசைப்படுத்த வேண்டியதில்லை. மகளுக்கு உயிரியல் பிடிக்கும். முஃபியாவில் ரெயூனியன் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பட்டப்படிப்பு ஒன்று, மெத்ரோபோலில், அதாவது பெரிய பிரான்சில், சில தொழில்நுட்பப் பட்டங்கள், இன்னும் சில என்று பத்தையும் நிரப்பினாள்.

விண்ணப்பத்தில் என்னென்ன போகிறது என்று பார்த்தபோதுதான் அம்மாவின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்தது. பிளஸ் ஒன்னுக்குச் சமமான பிரிமியேர் வகுப்பின் மதிப்பெண்கள் முழுவதும், தெர்மினாலின் முதல் இரண்டு பருவங்கள், பிரெஞ்சு மொழித் தேர்வின் மதிப்பெண், ஒவ்வொரு பாடத்திலும் ஆசிரியர் எழுதிய ஒரு வரி, பள்ளி நிரப்பும் பரிந்துரைப் படிவம், அப்புறம் மாணவர் தாமே எழுதும் 1500 எழுத்துக் கடிதம். கடைசிப் பொதுத்தேர்வு எழுதுவது ஜூனில். அந்த வருடம் முடிவு வந்தது மே மாதக் கடைசியில். அதாவது நாம் உயிரைக் கொடுத்துப் படிக்க வைக்கும் அந்தக் கடைசித் தேர்வின் மதிப்பெண் இந்த முடிவில் இல்லவே இல்லை! பக்கலோரேயா என்ற அந்தப் பொதுத்தேர்வில் பாஸாக வேண்டும், அவ்வளவுதான். மகள் பிரிமியேரில் முதல் பருவம் சுணங்கியபோது, "பரவாயில்லை, கடைசி வருஷம் பார்த்துக்கலாம்" என்று ஆறுதல் சொன்னது நான்தான். நம் ஊர்ப் பழக்கத்தில் சொன்னேன். அந்தப் பருவத்து மதிப்பெண் அப்படியே விண்ணப்பத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது.

மதிப்பெண்ணைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகளுக்கு உயிரியலில் 20-க்கு 14. அம்மாவிடம் சொன்னேன். "அப்ப நூத்துக்கு எழுபதுதானா?" என்று குரல் இறங்கிவிட்டது. இங்கே 12 வந்தாலே பரவாயில்லை, 14 நன்று, 16 மிக நன்று. சான்றிதழிலேயே அப்படித்தான் சிறப்புக் குறிப்பு போடுவார்கள். 20 என்பது யாரும் எளிதில் எட்டாத இடம். அதோடு விண்ணப்பத்தில் வெறும் 14 மட்டும் போவதில்லை. அந்த வகுப்பின் சராசரி, அதிக மதிப்பெண், குறைந்த மதிப்பெண் எல்லாம் பக்கத்திலேயே நிற்கும். சராசரி 9 உள்ள வகுப்பில் வாங்கிய 14-ம், சராசரி 15 உள்ள வகுப்பில் வாங்கிய 14-ம் படிக்கிறவர் கண்ணுக்கு ஒன்றல்ல.

கடிதத்துக்குத்தான் வீட்டில் பெரிய சண்டை. லிசே கூட்டத்தில் ஒருவர், "கடிதம்தான் எல்லாம்" என்று அடித்துச் சொல்லியிருந்தார். அதை நம்பி மூன்று வாரம் அதிலேயே கிடந்தோம். மகள் சனிக்கிழமைகளில் கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள். அதை எழுத வேண்டும் என்றாள். வேண்டாம், உயிரியலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், அங்கே படிக்கிறவருக்கு எரிச்சல் வரும் என்று நான் தடுத்தேன். "அம்மா, மூணு வருஷமா நான் விடாம செய்யற ஒரே வேலை அதுதாம்மா" என்றாள். அதற்கென்று இருக்கும் பகுதியில், என்னைக் கேட்காமல், நான்கு வரி எழுதிவிட்டாள்.

மே 30, வியாழக்கிழமை. பாரிசில் மாலை 7 மணிக்கு முடிவு. எங்களுக்கு இரவு 9. கடையை எட்டரைக்கே மூடிவிட்டு எல்லோரும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். முஃபியா: ஆம். மூன்று இடங்களில்: இல்லை. மற்ற ஆறிலும் "ஆன் அத்தாந்த்", காத்திருப்பு. அவள் மிகவும் ஆசைப்பட்ட மெத்ரோபோல் தொழில்நுட்பப் பட்டத்தில் காத்திருப்பு எண் 214. இடங்கள் 56.

56 இடத்துக்கு 214-ஆவது ஆள். முடிந்தது என்று நினைத்தேன். மகள் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டாள். அன்று இரவு நான் யோசித்ததை எல்லாம் எழுதவே மனம் கூசுகிறது. எங்கள் நீளமான பெயரைப் பார்த்து ஒதுக்கியிருப்பார்களோ, தீவுப் பிள்ளை என்று தள்ளியிருப்பார்களோ, அந்த நான்கு வரிதான் கெடுத்ததோ? காலையில் அதையும் மகளிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

இரண்டு நாள் கழித்து ஒரு மல்பார் அண்ணன் கடைக்கு வந்தார். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர், விண்ணப்பங்களை ஆராயும் குழுவில் உட்கார்ந்தவர். மகளின் முகத்தைப் பார்த்து விசாரித்தார். போனை வாங்கிப் பார்த்தவர், "இது நல்ல எண்தானே, ஏன் அழுகிறாள்?" என்றார். ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதிக்காட்டினார். ஆறு மாதம் யாரும் எனக்குச் சொல்லாததை அரை மணி நேரத்தில் சொன்னார்.

இதில் நடப்பது இரண்டு தனித்தனி வேலைகள் என்றார். முதல் வேலை, ஒவ்வொரு படிப்பின் குழுவும் தனக்கு வந்த எல்லா விண்ணப்பங்களையும் ஒரே வரிசையில் நிறுத்துவது. ஆயிரக்கணக்கில் வரும், படிக்கிறவர்கள் சில ஆசிரியர்கள், பாடம் நடத்திக்கொண்டே ஏப்ரல், மே மாதங்களில் இதையும் பார்ப்பவர்கள். அதனால் முதலில் மதிப்பெண்களைக் கணினியில் போட்டு, எந்தப் பாடத்துக்கு எவ்வளவு எடை என்று குழு முடிவு செய்தபடி, ஒரு தற்காலிக வரிசை எடுப்பார்கள். மிக மேலே இருப்பவர்களைப் பற்றியும் மிகக் கீழே இருப்பவர்களைப் பற்றியும் அதிகம் விவாதம் இருக்காது. நடுவில் மதிப்பெண் நெருக்கமாக இருக்கும் கூட்டம் ஒன்று உண்டு. அங்கேதான் கண்ணால் படிப்பார்கள்: ஆசிரியர் எழுதிய வரி, பள்ளியின் பரிந்துரை, கடிதம், மற்றச் செயல்பாடுகள். "அந்த நாலு வரி கெடுக்கவில்லை. படித்திருந்தால், நடுவில் இருந்தவளை மேலே தள்ளியிருக்கும்" என்றார். மகள் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவே எனக்குப் போதுமான தண்டனை.

எல்லாப் படிப்பும் ஒரே மாதிரி இல்லை. பல்கலைக்கழகத்தின் சாதாரணப் பட்டப்படிப்புகள் யாருக்கும் "இல்லை" என்று சொல்ல முடியாது. "ஆம்", அல்லது கூடுதல் வகுப்புகளோடு "ஆம்", இல்லையென்றால் காத்திருப்பு. தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் படிப்புகள் "இல்லை" என்றும் சொல்லலாம். தொழில்நுட்பப் பட்டத்தில், லிசேயில் பொதுப் பிரிவில் படித்தவர்களுக்கு ஒரு வரிசை, தொழில்நுட்பப் பிரிவில் படித்தவர்களுக்கு வேறொரு வரிசை. மகள் பார்த்த 56 இடம் அவளுடைய வரிசைக்கு மட்டும் உரியது.

இரண்டாவது வேலை, அந்த வரிசையிலிருந்து ஆட்களை அழைப்பது. இதை மத்தியத் தளம் செய்கிறது. 56 இடம் என்றால் 56 பேரை அழைத்துவிட்டு நிறுத்துவதில்லை. முன்னால் இருப்பவர்களில் பாதிப்பேர் வேறு நாலு இடத்திலும் "ஆம்" வாங்கியிருப்பார்கள், இங்கே வர மாட்டார்கள் என்று பழைய வருடங்களை வைத்துத் தெரியும். அதனால் முதல் நாளே அதிகம் பேரை அழைப்பார்கள். தளத்தில் மகளுக்கு இன்னொரு எண்ணும் காட்டியது, நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை: அழைப்பு வரிசையில் அவள் இடம் 371. அண்ணன் அட்டையில் கழித்துக் காட்டினார். 371-இலிருந்து 214 போனால் 157. முதல் நாளே 157 பேரை அழைத்துவிட்டார்கள். அதற்குக் கீழேயே, சென்ற ஆண்டு கடைசியாக அழைக்கப்பட்டவரின் இடம்: 402.

"உன் 371, அந்த 402-க்கு முன்னாலா பின்னாலா?" என்று மகளைக் கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். போன வருடம் போலவே இருக்கும் என்று உறுதி இல்லை, ஆனால் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது என்றார். அம்மா கேட்ட நம்பர் இதுதான். இருக்கிறது, மதிப்பெண்ணாக இல்லாமல் வரிசையில் ஓர் இடமாக, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக இருக்கிறது.

அடுத்து அவர் கேட்டதுதான் என்னை உலுக்கியது. "லிசேயில் பூர்ஸ் வாங்குகிறாளா?"

பூர்ஸ் என்பது குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான உதவித்தொகை. லிசேயில் சேர்ந்தபோது படிவம் வந்தது. எங்கள் வருமானத்துக்குக் கிடைத்திருக்கும். "கடை வச்சிருக்கோம், கை நீட்ட வேணாம்" என்று கணவர் சொன்னார். நானும் ஒப்புக்கொண்டேன். ஊரில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்ற அதே பழைய பயம்தான். அந்தப் பணம் பெரிய தொகையும் இல்லை, விட்டுவிட்டோம்.

பார்க்கூர்சூப்பில் ஒவ்வொரு படிப்புக்கும் லிசே பூர்ஸ் வாங்கும் மாணவர்களுக்கு ஒரு குறைந்தபட்ச விகிதம் உண்டு. அந்தந்த வட்டாரக் கல்வித் தலைமை அதிகாரி நிர்ணயிப்பார். அந்த விகிதம் மொத்தத்துக்கு மட்டும் இல்லை, வரிசையின் ஒவ்வொரு படியிலும் காக்கப்படுகிறது. 20 விழுக்காடு என்றால், அழைக்கப்படும் முதல் ஐந்து பேரில் குறைந்தது ஒருவர், முதல் பத்தில் இருவர், இப்படிக் கடைசி வரை. குழு கொடுத்த வரிசையில் அப்படி அமையவில்லை என்றால், பின்னால் இருக்கும் பூர்ஸ் மாணவரைத் தளம் முன்னால் கொண்டுவரும். நாங்கள் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் மகள் 371-க்கு முன்னால் நின்றிருக்கலாம். எத்தனை இடம் முன்னே போயிருப்பாள் என்று இப்போது கணக்குப் போட்டுப் பயனில்லை. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் லிசே போகப்போகும் பிள்ளை இருந்தால், தயவுசெய்து அந்தப் படிவத்தைக் கௌரவத்துக்காக ஒதுக்காதீர்கள். அது பணத்துக்கான படிவம் மட்டும் இல்லை.

ஊர் விஷயமும் உண்டு. இடநெருக்கடி உள்ள சாதாரணப் பட்டப்படிப்புகளில் வெளி வட்டாரத்தவருக்கு ஒரு உச்சவரம்பு இருக்கும். இங்கிருந்து மெத்ரோபோலில் ஒரு சட்டப் படிப்புக்கு விண்ணப்பித்தால், நாம் அங்கே வெளியூர். நம் பிள்ளையின் மதிப்பெண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

குழு எந்தப் பாடத்துக்கு எவ்வளவு எடை கொடுத்தது என்று கேட்டால் சொல்வார்களா என்று அண்ணனைக் கேட்டேன். தயங்கினார். அவரும் சொல்லக் கூடாது. ஆட்களை அழைக்கும் மத்தியத் தளத்தின் கணினி நிரலை அரசு 2018 மே மாதமே வெளியிட்டுவிட்டது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் வரிசையை உருவாக்கும் கணக்கு ஒவ்வொரு குழுவின் ரகசியம். இதை எதிர்த்து முதலில் வென்ற வழக்கு எங்களைப் போலவே கடல் கடந்த பிரெஞ்சு மண்ணில், குவாதலூப்பில் நடந்தது. ஆன்தில்ஸ் பல்கலைக்கழகம் தன் கணக்கைக் காட்ட வேண்டும் என்று ஒரு மாணவர் சங்கம் கேட்டது. 2019 பிப்ரவரியில் அங்குள்ள நீதிமன்றம் காட்டச் சொன்னது. அதே ஆண்டு ஜூனில் பாரிசின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கடைசியில் 2020 ஏப்ரல் 3-ஆம் தேதி அரசியலமைப்பு மன்றம் சொன்னது இது: குழுவின் விவாதம் ரகசியமாக இருக்கலாம், ஆனால் சேர்க்கை முடிந்த பிறகு எந்த அளவுகோல்களைப் பயன்படுத்தினார்கள், கணினிக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பினார்கள் என்று ஒவ்வொரு நிறுவனமும் வெளியிட வேண்டும். இப்போது ஒவ்வொரு படிப்பின் பக்கத்திலும் அளவுகோல்கள் இருக்கின்றன. சென்ற ஆண்டு அறிக்கையையும் படிக்கலாம். நாங்கள் ஜனவரியில் படித்திருக்க வேண்டியது அதைத்தான். கடிதத்துக்குச் செலவழித்த மூன்று வாரத்தில் ஒரு மாலை போதும்.

"இல்லை" என்று சொல்லப்பட்டவர்கள் காரணம் கேட்கவும் சட்டத்தில் உரிமை உண்டு. அந்த மூன்றில் ஒன்றுக்கு மகள் எழுதிக் கேட்டாள். விண்ணப்பங்கள் அதிகம், தரம் உயர்ந்தது, வருந்துகிறோம் என்று பதில் வந்தது. எல்லோருக்கும் ஒரே பதிலை அனுப்பியிருப்பார்கள் என்றுதான் தோன்றியது. பதினேழு வயதுப் பெண் மரியாதையாகக் கேட்ட கேள்விக்கு அவளுடைய விண்ணப்பத்தைத் திறந்து ஒரு வரி எழுதியிருக்கலாம். இது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அப்புறம் தினமும் காலையில் எண் பார்ப்பதே வேலை. 214, 181, 166. சில நாள் அசையவே இல்லை. கடைக்கு வருகிற எல்லோருக்கும் அவள் எண் தெரியும். பாகெட் ரொட்டி வாங்க வந்தவர்கள் முதலில் அதைத்தான் விசாரித்தார்கள். முஃபியா இடத்தை ஏற்றுக்கொண்டு, மற்றக் காத்திருப்புகளையும் வைத்துக்கொள்கிறேன் என்று தனியாகப் பதிய வேண்டும். அதை மறந்தால் காத்திருப்பு போய்விடும். கெடு பாரிஸ் நேரம் இரவு 11.59 என்றால் நமக்கு விடிகாலை 1.59. ஜூன் கடைசியில் 31 ஆனது. ஜூலை 2-ஆம் தேதி காலை, நான் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து அவள் கத்தியது தெருமுனை வரை கேட்டது.

ஆனால் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அன்று முழுவதும் யோசித்தாள். முஃபியா என்றால் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகலாம். மெத்ரோபோல் என்றால் 11 மணி நேர விமானம், 9,000 கிலோமீட்டருக்கு மேல். சாயங்காலம் வந்து, "அம்மா, நான் ஓகே அழுத்தினா முஃபியால என் இடம் காலியாகும். அங்க யாரோ ஒருத்தருக்கு நாளைக்குக் காலைல ஒரு நம்பர் குறையும்" என்றாள். ஐந்து வாரமாக எங்களுக்கு ஒவ்வொன்றாக எண் குறைந்தது எப்படி என்று அப்போதுதான் எனக்கு முழுவதும் உறைத்தது. எங்கோ ஒரு வீட்டில், ஒரு பிள்ளை, இப்படித்தான் ஒரு நாள் முழுக்க யோசித்திருக்கும்.

ஆகஸ்டில் கிளம்பினாள். பெட்டியில் அம்மா காரைக்காலிலிருந்து அனுப்பிய புளிக்காய்ச்சல் இருந்தது.

இளையவன் இந்த வருடம் லிசேயில் சேர்ந்திருக்கிறான். செப்டம்பரில் பூர்ஸ் படிவம் வந்தது. அதை நான் மேசையில் வைத்துவிட்டு, கணவரிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று யோசித்துக்கொண்டே சமையலுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது வருமான வரிக் காகிதத்தைத் தேடி எடுத்து இணைத்து, கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார்.